ஜிஆர்ஈ தேர்வில் தெரியாத வார்த்தை வந்தால் என்ன செய்வது?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பள்ளிப்படிப்பு தமிழ் மீடியம். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக இரண்டு மாதத்தில் ஜிஆர்ஈ நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கோச்சிங் சென்டரில் கொடுத்த மூவாயிரம் வார்த்தைகளில் கால்வாசிகூட மனதில் நிற்கவில்லை. தெரியாத வார்த்தை வந்தால் எப்படி விடை எழுதுவது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். தனி வார்த்தையைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் முறையை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 27 கேள்விகள். ஏறக்குறைய பாதி கோடிட்ட இடம் நிரப்புவது, மீதி பத்தி வாசிப்பு. எதற்கும் துப்பு வாக்கியத்திலேயே இருக்கும். ஆனாலும் பழைய பட்டியலுக்கு அட்டையை மாற்றி இன்னும் விற்கிறார்கள்.

விடைகளைப் பார்க்காமல் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’, ‘யெட்’ வந்தால் கருத்து திரும்புகிறது. முக்காற்புள்ளி வந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் விளக்கம். ‘அந்தப் பேராசிரியர் மேடையில் தயங்கித் தயங்கிப் பேசினாலும், எழுத்தில் அவர் கருத்துகள் ____ இருக்கும்.’ தயக்கத்துக்கு எதிரானது வேண்டும். ‘உறுதியாக’ என்று தமிழிலேயே மனதில் நிரப்பிக்கொண்டு, அப்புறம் விடைகளுக்குப் போங்கள்.

ஆறு விடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில்தான் பலர் விழுகிறார்கள். ‘வாக்கியமே வேண்டாம், ஒரே பொருள் தரும் ஜோடியைப் பிடி’ என்று குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். நம்பாதீர்கள். மேலே சொன்ன வாக்கியத்துக்கே ‘எருடைட்’, ‘ஸ்காலர்லி’ என்று புலமையைக் குறிக்கும் ஜோடி ஒன்று வரலாம். பேராசிரியர் என்றதும் கை அங்கேதான் போகும். ஆனால் தயக்கத்துக்கும் புலமைக்கும் என்ன சம்பந்தம்? சரியான ஜோடி, உறுதியைக் குறிக்கும் ‘எம்ஃபாட்டிக்’, ‘ஃபோர்ஸ்ஃபுல்’. இன்னொன்றும் உண்டு: வாக்கியத்தில் ஓரளவு பொருந்தும், ஆனால் ஜோடி இல்லாத ஒரு சொல்லையும் வைப்பார்கள். அதையும் விட்டுவிடுங்கள். இரண்டு விடையும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று சரி என்றால் பாதி மதிப்பெண் கிடையாது.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

‘ஒரிஜினல் கேள்வித்தாள் இருக்கிறது’ என்று யாராவது வாட்ஸப்பில் வந்தால் உடனே பிளாக் செய்யுங்கள். பணம் போவது மட்டுமல்ல, உங்கள் மதிப்பெண்ணே ரத்தாகலாம். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் தன் தளத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே தருகிறது.

பள்ளியில் கேள்வி-பதில் நோட்ஸை மனப்பாடம் செய்ய வைத்தார்களே தவிர, புதிய பத்தியைத் தானாகப் படிக்க யாரும் பழக்கவில்லை. அந்தப் பாக்கியைத்தான் இப்போது தீர்க்கிறீர்கள். தினமும் ஆங்கில நாளிதழின் ஒரு தலையங்கத்தை டிக்‌ஷனரி இல்லாமல் படித்து, தெரியாத சொல்லுக்குப் பொருளை ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு சரிபாருங்கள்.

தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேர விரும்பும் துறை ஜிஆர்ஈ கேட்கிறதா என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பாருங்கள். பல இடங்களில் இப்போது கட்டாயமில்லை. கன்சல்டன்சிக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.