வியன்னாவின் ஆலோசனையும் பிரசல்ஸின் விதியும்

கேள்வி: 193 நாடுகள் கொண்ட ஐ.நா.வைவிட வட்டார அமைப்புகளே வளர்ச்சிக்கு அதிகம் பயன்படும் என்பது சரியா?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: உங்கள் ஊர்த் தோல் பதனிடும் ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனம் அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குத் தொழில்நுட்ப உதவி அளித்தது. வழிகாட்டுவதற்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை. பிரசல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டார அமைப்பான ஐரோப்பிய ஒன்றியமோ, உடலில் படும் தோல் பொருள்களில் 'குரோமியம் 6' என்னும் நச்சு வடிவம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று 2015 மே முதல் விதித்தபோது, அதில் உறுப்பினரே அல்லாத நாட்டின் பாலாற்றங்கரை ஏற்றுமதியாளரும் அதற்குக் கட்டுப்பட நேர்ந்தது.

ஆயினும் அண்டை நாடுகள் என்பதாலேயே ஒத்துழைப்பு கைகூடிவிடாது. 1985இல் டாக்காவில் தொடங்கப்பட்ட தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், முடிவுகள் ஒருமனதாகவே அமைய வேண்டும், இருதரப்புப் பூசல்களைப் பேசலாகாது என்று சாசனத்திலேயே (நல்லெண்ணத்தில்தான்) எழுதிக்கொண்டது; 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் அதன் தலைவர்கள் உச்சி மாநாட்டில் கூடவில்லை.