டிசிசி மாடல் ரயில் இன்ஜினில் கூடுதல் விளக்குகள்: கேட்டவையும் என் பதில்களும்

டிசிசி என்பது மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சின்ன சர்க்யூட்தான் இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர்.

கேள்வி: எல்இடியை டிகோடரின் நீல ஒயருக்கும் வெள்ளை ஒயருக்கும் நடுவில் கொடுத்தேன். எரியவே இல்லை. டிகோடர் போய்விட்டதா?

அவசரப்பட்டு டிகோடரைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்இடியைத் தலைகீழாக வைத்திருப்பீர்கள். நீல ஒயர்தான் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான பிளஸ். வெள்ளை (முன் ஹெட்லைட்), மஞ்சள் (பின் ஹெட்லைட்), பச்சை, ஊதா நான்கும் மைனஸ் பக்கம் திறந்து மூடும் குழாய்கள் மாதிரி. கண்ட்ரோலரில் பட்டனை அழுத்தினால் அந்த ஒயர் மைனஸோடு சேரும், அவ்வளவுதான். அதனால் எல்இடியின் நீண்ட கால் நீலத்துக்கு, குட்டைக் கால் ரெசிஸ்டர் வழியாக வெள்ளைக்கு. காலை வெட்டிவிட்டீர்களா? 3 வோல்ட் பட்டன் பேட்டரியின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். எரியும்போது பேட்டரியின் பிளஸ் பக்கம் இருப்பதுதான் நீலத்துக்குப் போக வேண்டிய கால். ரெசிஸ்டர் இருந்தபடி தலைகீழாக வைத்திருந்தால் எல்இடி பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

கேள்வி: ரெசிஸ்டர் எத்தனை ஓம்? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்களே.

ஆளுக்கு ஒரு கணக்கு வருவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் வேண்டிய வெளிச்சம் வேறு. எச்ஓ என்ற மாடல் அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) தண்டவாளத்தில் சுமார் 14 வோல்ட் இருந்தால் நீல ஒயரில் 12, 13 கிடைக்கும். வெள்ளை எல்இடி அதில் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 1000 ஓம் வைத்தால் 9 மில்லியாம்ப். எல்இடிக்கு ஆபத்தில்லை, ஆனால் இப்போது வரும் எல்இடிகளில் அது கண்ணைக் குத்தும். பிளாஸ்டிக் மூடியே ஒளிர ஆரம்பித்துவிடும். நான் ஹெட்லைட்டுக்கு 4700 ஓம் வைப்பேன், 2 மில்லியாம்ப் போதும். டிரைவர் அறை விளக்குக்கு 10,000. அங்கே மங்கலாக இருந்தால்தான் நிஜம் போலத் தெரியும்.

இரண்டு எல்இடிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவதைத் தவிருங்கள். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சிவப்புக்கு 2 வோல்ட்டே போதும் என்பதால் மின்சாரம் முழுக்க அதன் வழியே ஓடிவிடும், வெள்ளை செத்துக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள்.

கேள்வி: பழைய 1.5 வோல்ட் பல்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நேராகக் கொடுத்தால் ஒரு நொடியில் போய்விடும். ரெசிஸ்டர் வைத்தாலும் அந்த ரெசிஸ்டர் சூடாகும். எல்இடிக்கு மாறுங்கள்.

கேள்வி: வெள்ளை எல்இடி நீலம் அடிக்கிறது. நீராவி இன்ஜினுக்குப் பொருந்தவே இல்லை.

வார்ம் வொயிட் வாங்குங்கள். கையில் இருப்பதையே பயன்படுத்த வேண்டுமென்றால் முனையில் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு பெயின்ட் ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் எரியவிட்டுப் பார்த்து, அப்புறம் இரண்டாவது பூச்சு.

கேள்வி: பச்சையும் ஊதாவும் ஒரே பட்டனில் எரிய வேண்டும். ஒயர்களைச் சேர்த்து முறுக்கிவிடலாமா?

ஒயரைத் தொடவே வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும். கண்ட்ரோலரின் எஃப்1 பட்டன் எந்த ஒயரை இயக்கும் என்று சொல்வது சிவி35 (சிவி என்றால் டிகோடரில் நாம் எண் எழுதி மாற்றக்கூடிய அமைப்பு). வெள்ளைக்கு 1, மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 4, ஊதாவுக்கு 8. பச்சையும் ஊதாவும் வேண்டுமென்றால் 4-ஐயும் 8-ஐயும் கூட்டி 12 என்று எழுதுங்கள். சில டிகோடர்கள் தங்கள் வழியில் போகும். கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வேகத்தைக் கூட்டக் கூட்ட ஹெட்லைட் அணைந்து அணைந்து எரிகிறது. சால்டரிங் சரியில்லையா?

சால்டரிங் மேல் பழி வேண்டாம். கண்ட்ரோலர் 28 வேகப் படிகளில் பேசுகிறது, டிகோடர் 14 படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சிவி29-இன் மதிப்பைப் படித்து, 28 படிக்கான 2 அதில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கூட்டி எழுதுங்கள்.

கேள்வி: நீல ஒயர் இன்ஜினின் உலோகச் சட்டத்தில் பட்டால் என்ன ஆகும்?

புகை வரும். எனக்கு வந்தது. பல பழைய இன்ஜின்களில் சட்டமே ஒரு தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். என் ஒயரின் உறை சட்டத்தின் ஓர் ஓரத்தில் உரசிக் கிழிந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. தண்டவாளத்தில் வைத்த மறுநொடி கருகிய வாசனை. அதற்கப்புறம் மேல்மூடியைப் போடுமுன் மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சட்டத்தில் வைத்து, மறுமுனையால் நீலம், மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு, சாம்பல் மூன்று ஒயர்களையும் தொட்டுப் பார்க்காமல் நான் கரண்ட் கொடுப்பதில்லை. பீப் வந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

கேள்வி: மூடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு ஒயர் அறுகிறது.

எல்இடி மூடியில், டிகோடர் சட்டத்தில். இரண்டுக்கும் நடுவே ஒயர் நீளம் போதாமல் இழுபடுகிறது. நடுவில் இரண்டு முனை குட்டி கனெக்டர் வையுங்கள், ரெசிஸ்டரைச் சட்டத்தின் பக்கமே விட்டுவிடுங்கள். கனெக்டரின் நீலப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தால், அடுத்த தடவை தலைகீழாகச் செருகமாட்டீர்கள்.