கார் இல்லாமல் லிவர்பூல்: பீட்டில்ஸ் ஊரைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். எங்களிடம் கார் இல்லை, இருவருக்கும் ஓட்டவும் தெரியாது. என் கணவருக்கும் 14 வயது மகனுக்கும் பீட்டில்ஸ் என்றால் உயிர். 7 வயது மகளுக்கும் முழங்கால் வலியுள்ள மாமியாருக்கும் அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. கோடை விடுமுறையில் இரண்டு இரவு லிவர்பூலில் தங்க நினைக்கிறோம். கார் இல்லாமல் சரிப்படுமா? எதை முதலில் பதிவு செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாகச் சரிப்படும். உங்கள் கணவரும் மகனும் அதிகம் ஆசைப்படப்போகும் இரண்டு வீடுகளுக்குள் கார் வைத்திருப்பவர்களாலும் நேராகப் போய் நுழைய முடியாது. பீட்டில்ஸ் இசைக்குழு நால்வரில் ஒருவரான ஜான் லென்னன் தன் பெரியம்மா மிமியிடம் வளர்ந்த ‘மென்டிப்ஸ்’ வீடு மென்லவ் அவென்யூவில் இருக்கிறது. இன்னொருவரான பால் மெக்கார்ட்னியின் குடும்பம் 1955-இல் குடியேறிய வீடு 20, ஃபோர்த்லின் ரோடு. இரண்டையும் பாரம்பரிய இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. சுற்றிலும் மக்கள் குடியிருக்கும் தெருக்கள் என்பதால், டிரஸ்ட்டின் மினிபஸ்ஸில் வருபவர்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி.

ஆகவே முதலில் பதிவு செய்ய வேண்டியது ரயிலும் இல்லை, ஹோட்டலும் இல்லை. இந்த மினிபஸ் சுற்றுலாதான். ஒரு தடவைக்குச் சிலரை மட்டுமே அழைத்துப் போவதால் கோடையில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்களுக்குக் கிடைக்கும் நாளையும் நேரத்தையும் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அமைக்க வேண்டும். பலரும் மலிவு ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு வீட்டுச் சுற்றுலாவில் இடமில்லாமல் வெளிச்சுவரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். புறப்படும் இடத்தைப் பதிவு செய்யும்போதே பார்த்து, அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை என்பதை மகனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சுற்றுலாவுக்கு ஐந்து பேரும் போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பால் உட்கார்ந்து பாட்டெழுதிய சிறு அறை அவரைத் தெரிந்தவர்களுக்குப் பொக்கிஷம். ஏழு வயதுக் குழந்தைக்கு அது யாரோ ஒருவர் வீட்டுக் கூடம்தான். அப்பாவும் மகனும் மட்டும் போகட்டும். நீங்கள் மகளையும் மாமியாரையும் லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேர்ல்ட் மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, மீன் காட்சியகமும் கோளரங்கமும் உண்டு.

அடுத்தது ரயில். யூஸ்டன் நிலையத்திலிருந்து லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட்டுக்கு நேரடி ரயிலில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். அட்வான்ஸ் டிக்கெட் வழக்கமாக 12 வாரங்களுக்கு முன் விற்பனைக்கு வரும். ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு கட்டாயம் வாங்குங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். ஒரே கார்டில் நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை போகலாம் என்பதால் உங்கள் மாமியாரும் இதற்குள் அடக்கம். திரும்பும் பயணத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காதீர்கள். தண்டவாள வேலைகளால் ரயில்கள் சுற்றிப் போவதும் பாதி வழியில் பஸ் மாறுவதும் அன்றுதான் அதிகம்.

ஊருக்குள் வந்துவிட்டால், பீட்டில்ஸ் இடங்கள் இரண்டு கொத்தாக இருக்கின்றன. ஒன்று நகர மையம். இதை நடந்தே பார்த்துவிடலாம். மற்றது தெற்குப் புறநகர். அங்கே பஸ், டாக்ஸி, மினிபஸ் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலக்காமல் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

வந்து இறங்கும் நாளில் நகர மையம் போதும். லைம் ஸ்ட்ரீட்டிலிருந்து மேத்யூ ஸ்ட்ரீட் பத்து நிமிட நடை. 1961 பிப்ரவரிக்கும் 1963 ஆகஸ்டுக்கும் இடையே பீட்டில்ஸ் திரும்பத் திரும்ப வாசித்த கேவர்ன் கிளப் அங்கேதான். பழைய கிளப் 1973-இல் மூடப்பட்டது. இப்போதிருப்பது பழைய செங்கற்களில் பலவற்றைக் கொண்டு 1984-இல் எழுப்பப்பட்டது. பிள்ளைகளை அழைத்துப் போவதானால் பிற்பகலிலேயே போய்விடுங்கள். இரவில் அது பெரியவர்களுக்கான இடம். நிலவறைக்குப் படியிறங்க வேண்டும் என்பதால், மாமியாரும் வருவதானால் மாற்று வழி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேத்யூ ஸ்ட்ரீட்டிலேயே அறை எடுக்காதீர்கள். வார இறுதியில் நள்ளிரவு தாண்டியும் இரைச்சல் ஓயாது. நிலையத்துக்கும் ஆல்பர்ட் டாக்குக்கும் நடுவில், லிவர்பூல் ஒன் கடைவீதியை ஒட்டித் தங்குவது உங்களுக்கு வசதி.

இரண்டாம் நாள் தெற்குப் பக்கம். வீட்டுச் சுற்றுலா முடிந்ததும் எல்லோரும், பீட்டில்ஸ் பாட்டொன்றுக்குப் பெயர் தந்த ஸ்ட்ராபெரி ஃபீல்டில் சேர்ந்துகொள்ளுங்கள். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் குழந்தைகள் இல்லமாக இருந்த அந்த இடம் 2019-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தோட்டமும் உணவகமும் இருப்பதால் மாமியார் நிம்மதியாக உட்காரலாம், மகள் ஓடி விளையாடலாம். அங்கிருந்து வுல்டன் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு டாக்ஸி பிடியுங்கள். 1957 ஜூலை 6 அன்று ஜானும் பாலும் முதன்முதலாகச் சந்தித்தது அந்தத் தேவாலய விழாவில்தான். அதன் கல்லறைத் தோட்டத்தில் பீட்டில்ஸ் பாட்டொன்றின் தலைப்பான எலினார் ரிக்பி என்ற பெயர் பொறித்த கல்லும் இருக்கிறது. இரண்டு இரவுப் பயணத்துக்கு மூன்று நான்கு டாக்ஸி சவாரி ஆடம்பரம் இல்லை. வாடகைக் கார், பார்க்கிங் செலவைவிடக் குறைவாகவே வரும். கறுப்பு டாக்ஸியில் ஐந்து பேரும் ஒன்றாக ஏறலாம்.

பீட்டில்ஸ் பாட்டால் பெயர்பெற்ற பென்னி லேன் தெருவுக்கு நகர மையத்திலிருந்து ஸ்மித்டவுன் ரோடு வழியாகப் போகும் 86-ஆம் எண் பஸ் இருக்கிறது. லண்டன் பஸ்ஸில்போல இங்கே பிள்ளைகளுக்கு இலவசம் கிடையாது. 5 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு நாள் முழுக்கச் செல்லும் ‘மைடிக்கெட்’ பற்றி ஓட்டுநரிடம் கேளுங்கள். ஜார்ஜ் ஹாரிசன் பிறந்த ஆர்னால்டு குரோவ், ரிங்கோ ஸ்டார் பிறந்த மேட்ரின் ஸ்ட்ரீட் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க மகன் கேட்டால், இரண்டு மணி நேர மேஜிக்கல் மிஸ்டரி டூர் பஸ் நல்ல வழி. அது வீடுகளுக்குள் கூட்டிப் போகாது, வெளியிலிருந்தே காட்டும். மேலே சொன்ன வீட்டுச் சுற்றுலாவில் இடம் கிடைக்காமல் போனாலும் இதுவே அடுத்த சிறந்த ஏற்பாடு.

மூன்றாம் நாள் துறைமுகப் பக்கம். ஆல்பர்ட் டாக்கில் ‘தி பீட்டில்ஸ் ஸ்டோரி’ காட்சியகம். பியர் ஹெட்டில் நால்வரின் சிலை. அங்கிருந்தே மெர்சி ஆற்றுப் படகில் ஏறலாம். மகளுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடிக்கப்போவது அநேகமாக அந்தப் படகுதான், அதற்கு நேரம் ஒதுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

தேதியை முடிவு செய்யுமுன் கால்பந்து அட்டவணையையும் ஒரு பார்வை பாருங்கள். லிவர்பூல் அல்லது எவர்டன் அணி சொந்த ஊரில் ஆடும் வார இறுதியில் அறை வாடகை எகிறும். ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் பீட்டில்ஸ் வாரமும் அப்படித்தான், ஆனால் அதில் தெருவெல்லாம் பாட்டுக் கச்சேரி என்பதால் உங்கள் கணவரையும் மகனையும் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள். கூட்டமும் செலவும் பரவாயில்லை என்று அவர்கள் சொன்னால், வீட்டுச் சுற்றுலாவுக்கான டிக்கெட்டை இன்னும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்.