பொங்கலோடு போன தீர்மானங்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஏழெட்டு வருடமாக உங்கள் கட்டுரைகளைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். மகள் எட்டாவது படிக்கிறாள்.

நவம்பரில் எங்கள் அலுவலகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. "இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது" என்றார் டாக்டர். பயந்துபோய் டிசம்பர் 31 ராத்திரி ஒரு நோட்டில் ஒன்பது தீர்மானங்கள் எழுதினேன். காலை நாலரைக்கு எழுவது, பத்தாயிரம் அடி நடப்பது, டீக்கடைப் பக்கமே போகாமல் இருப்பது, ராத்திரி சோற்றுக்குப் பதில் கம்பு அல்லது கேழ்வரகு, மூன்று லிட்டர் தண்ணீர், பதினைந்து நிமிடம் தியானம், இருபது பக்கம் வாசிப்பு, ஒன்பது மணிக்கு போனை அணைப்பது, ஒன்பதரைக்குத் தூக்கம்.

பதிமூன்று நாள் ஒன்றுவிடாமல் செய்தேன். தூக்கம் மட்டும் பதினொன்றரைக்கு முன்னால் வரவில்லை. பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனோம். சர்க்கரைப் பொங்கல், கரும்பு, மச்சான்களோடு ராத்திரி ஒரு மணி வரை சீட்டு. திரும்பி வந்தபின் ஒன்பதில் ஒன்றுகூட ஒட்டவில்லை. முன்பெல்லாம் ராத்திரி சாப்பிட்டதும் மகளோடு கேரம் ஆடுவேன், இந்த அமர்க்களத்தில் அதுவும் நின்றுபோனது. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று மனைவி சிரிக்கிறாள். 21 நாள் தாண்டினால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். என்னால் பதினாலைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள். அந்த மன உறுதி எங்கிருந்து வருகிறது அக்கா?

எஸ்., திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வியை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சிரித்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் வாங்கிய யோகா விரிப்பில் இப்போது பூனை படுத்திருக்கிறது. என் மன உறுதி அவ்வளவுதான்.

டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன்நீரிழிவு, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி, என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அந்த வாசலில் நல்ல கூட்டம். அங்கிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. எப்போது மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மருந்து, மாத்திரை, உணவுத் திட்டம் எல்லாம் அவர் பாடு. நான் பேசப்போவது உங்கள் ஒன்பது தீர்மானங்களைப் பற்றித்தான்.

அந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கர், முகத்தைத் திருத்தி அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர். மூக்கைச் சரிசெய்துகொண்ட நோயாளிக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960ல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, 21 மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. புது மூக்குக்குச் சொன்ன கணக்கை நாம் கேழ்வரகுக் களிக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். யோசிக்காமலே கை அந்த வேலைக்குப் போகும் நிலை வர, நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. 18 நாளில் பழகியவர் இருந்தார், 254 நாள் பிடிக்கும் என்று கணக்கு காட்டியவரும் இருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை. 'ஒரு நாள் விட்டதும் எல்லாமே போச்சு' என்பது நம் மனசு கட்டிய கதை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 96 பேரும் ஆளுக்கு ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதையும் 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பது போல, தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் ஒரே ராத்திரியில் ஒன்பதை எடுத்தீர்கள்.

அந்த முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம். என் கதையைச் சொல்கிறேன்.

நான் ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி வரை விழித்திருப்பவளாகத்தான் பல வருடம் இருந்தேன். கழுத்து வலி. படுக்கையில் புத்தகம் வாசிப்பது அடியோடு போயிற்று. எத்தனை தடவை சபதம் எடுத்தேன் என்று கணக்கே இல்லை. ஒரு ஆடி மாதம், கட்டிலுக்குப் பக்கத்து ப்ளக் பாயிண்ட் 'டப்' என்று கருகியது. சுவரில் உள்ளங்கை அளவுக்குப் புகைக் கறை. எலக்ட்ரீஷியன் தம்பி இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று பன்னிரண்டு நாள் இழுத்தார். அதுவரை போனைச் சமையலறையில், மிக்சி பாயிண்டில்தான் சார்ஜ் போட வேண்டியிருந்தது. முதல் இரண்டு ராத்திரி கை தானாகத் தலையணைக்கு அடியில் போய்த் தேடியது. எழுந்து, இருட்டில் பூனையை மிதிக்காமல் கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குப் போக சோம்பலாக இருந்தது. அந்தச் சோம்பல் எனக்குச் செய்த உபகாரத்தை எந்தச் சபதமும் செய்ததில்லை. நாலாவது நாள், அலமாரியில் பாதியில் நின்றிருந்த ஒரு நாவலை எடுத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து சேர்ந்தபோது இரண்டாவது புத்தகத்தில் இருந்தேன்.

"பாயிண்ட் வேண்டாம் தம்பி, மேலே ஒரு மூடி போட்டு அடைத்துவிடுங்கள்" என்றேன்.

"என்னக்கா, எல்லாரும் இன்னொரு பாயிண்ட் வைங்கன்னு கேப்பாங்க, நீங்க இருக்கிறதை மூடச் சொல்றீங்க" என்றார். மூடினார். காலையில் எழ ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொண்டேன். அதன் 'டிக் டிக்' சத்தம் ஒரு வாரம் தொல்லை செய்தது, அப்புறம் காதில் விழவில்லை.

போன் அப்படியேதான் இருக்கிறது, நானும் அதே ஆள்தான். சார்ஜர் இருபது அடி தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்தால் இன்னொன்று சொல்கிறேன். வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971ல் இவர்களெல்லாம் ஊர் திரும்பினால் என்ன கதி என்று அமெரிக்க அரசு நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊருக்கு வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போதை லேசுப்பட்டது என்று சொல்ல வரவில்லை. அந்தக் காடு, அந்தப் பயம், கைக்கெட்டும் விலையில் சரக்கு, கூட நின்று ஊதும் கூட்டாளி எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. பழக்கத்தின் பெரும்பகுதியும் அவற்றோடு தங்கிவிட்டது.

உங்கள் பொங்கல் இதற்கு நேர்த் தலைகீழ். வீட்டில் தூக்கம் தவிர மற்ற எட்டும் நடந்ததற்கு உங்கள் வீடும் ஒரு காரணம். மாமனார் ஊரில் உங்கள் வழக்கமான இடம் இல்லை, வழக்கமான நேரம் இல்லை, மச்சான்கள் இருந்தார்கள். விட்டுப்போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபின் ஏன் ஒட்டவில்லை என்றால், ஒட்டுவதற்குப் பதிமூன்று நாள் போதாது. அதுவும் பதினொன்றரைக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்திருக்கிறீர்கள். ஐந்து மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்பு மேல் ஆசை கூடும். ஒரு தீர்மானம் இன்னொரு தீர்மானத்தின் காலை வாரியிருக்கிறது. நாலரையை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

பத்தாயிரம் அடியையும் அடிக்கலாம். அது மருத்துவர் வகுத்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வாகான முழு எண். 2019ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், சராசரி 72 வயதுப் பெண்களில் 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் பலன் அதிகம் கூடவில்லை. உங்களுக்கு வயது குறைவு, முடிந்தால் கூடுதலாக நடங்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு போனில் 8,200 காட்டுகிறது என்று கூடத்துக்குள் வட்டமடிக்க வேண்டாம்.

நடை என்றதும் லண்டன் பஸ்கள் நினைவுக்கு வருகின்றன. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அங்கே டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953ல் எழுதினார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே பஸ், ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் கண்டக்டர்களில் யாரும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு படியேறவில்லை. மாடியில் ஆள் உட்கார்ந்திருந்தது, டிக்கெட் கிழிக்க வேண்டியிருந்தது. வங்கியில் உங்களுக்கு வாய்த்திருப்பது டிரைவர் சீட். படிக்கட்டை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் டீக்கடை. இதில் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். நாலு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து, வெயிலில் இறங்கி, நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வரும் பத்து நிமிடம் அது. சர்க்கரைக்குப் பயந்து அதை வெட்டினால், சர்க்கரையோடு நடையும் சிநேகமும் சேர்ந்து போகிறது. போங்கள் தம்பி. கண்ணாடி டம்ளரில் மாஸ்டர் சர்க்கரை போட்ட பிறகு 'கம்மியா' என்று கத்திப் பிரயோஜனமில்லை. கடைக்குள் நுழையும்போதே 'அரைச் சர்க்கரை' என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும். நாக்கு சில வாரத்தில் இறங்கி வரும். அப்புறம் அந்த அரையையும் குறைக்கலாம். வாழைக்காய் பஜ்ஜிச் சட்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சும்மா சொல்லவில்லை, சட்டி கண்ணில் படும் இடத்தில் நின்றால் கை போகும்.

சரி, படிக்கட்டு. உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் கவனித்தேன். ஒன்பது தீர்மானங்களிலும் உங்களுக்கு ஆசை என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் யாரோ ஒருவருடைய நாள் மாதிரி இருக்கிறது, நாலரைக்கு எழுந்து தியானம் செய்கிற யாரோ ஒருவர். பட்டியலில் சேராமல், போகிற போக்கில், 'அதுவும் நின்றுபோனது' என்று எழுதியிருக்கிறீர்களே, மகளோடு கேரம், அந்த ஒரு இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒன்றை நிறுத்திவிட்டு, பிடிக்காத ஒன்பதைத் தொடங்கியிருக்கிறீர்கள். எந்த மன உறுதி அதைத் தாங்கும்?

அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனை வரைக்கும், முடிந்தால் அதைத் தாண்டி அடுத்த தெருவுக்கும் போய்த் திரும்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடம். சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம் அது. கால் தசை வேலை செய்யும்போது அந்தச் சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கிறது. காலை நாலரை மணி நடையைவிட 6.1க்கு இது பொருத்தமான நடை. மகளைக் கூப்பிடுங்கள், வந்தால் வரட்டும். திரும்பி வந்ததும் கேரம். கை கழுவுவதும் செருப்பும் நடையும் ஆட்டமும் ஒரே கயிற்றில் வரிசையாக இருக்கட்டும். போன் எதற்கும் சமையலறையிலேயே கிடக்கட்டும், ஆட்டம் நடுவில் அதற்கு வேலை இல்லை.

கம்பு, தியானம், இருபது பக்கமெல்லாம் அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம். கம்பு உங்களுக்கு உண்மையில் பிடிக்குமா என்பதையும் அதற்குள் யோசித்து வையுங்கள். மழை பெய்தால், உறவுக்காரர் வந்தால், நடை விட்டுப்போகும். மறுநாள் செருப்பு அதே இடத்தில்தான் கிடக்கும்.

நான் தினமும் எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். காலையில் காபி டம்ளரை நான் வைக்கும் இடம் எழுத்து மேஜை. அங்கே உட்கார்ந்தால் வேறு வேலை இல்லை. காபி வேண்டும் என்பதால் உட்காருகிறேன். பால் வராத நாளில் ஒரு வரி நகராது, வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கேரம் போர்டு இந்நேரம் பீரோவுக்குப் பின்னால் போயிருக்கும். எடுத்துக் கூடத்தில், கண்ணில் படும்படி சுவரில் சாய்த்து வையுங்கள். போரிக் பவுடர் தீர்ந்திருந்தால் புதிதாக ஒரு டப்பா வாங்கிவிடுங்கள். அவசரத்துக்கு வீட்டிலிருக்கும் முகப்பவுடரைக் கொட்டாதீர்கள், ஒரு மழை நாளில் நாங்கள் அப்படிக் கொட்டி, காய் நகராமல் பலகையைத் துடைத்தே ஒரு சாயங்காலம் போயிற்று.

அன்புடன்,
அக்கா