கதவு பதில் தரவில்லை என்பதற்காகக் கொம்பியூட்டரை மாற்றாதீர்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஐயா, ஜப்பானில் இருந்து வந்த 2014ஆம் ஆண்டு ரீகண்டிஷன் கார். நான்கு கதவுக்கும் ஓட்டோ ஷட்டர், சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்கும். மூன்று மாதமாக இடது பின் கதவின் ஷட்டர் என் பக்கத்துச் சுவிட்சுக்கு அசைவதில்லை. அந்தக் கதவிலேயே இருக்கும் சுவிட்சை அழுத்தினால் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. மழை பெய்தால் முன் இடது ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும், இரண்டு நாளில் தானாகச் சரியாகும். கராஜில் ஸ்கேன் போட்டுவிட்டு, கதவோடு தொடர்பு இல்லை என்று வருகிறது, கதவு, லொக், உள் விளக்கு வேலைகளைப் பார்க்கும் பாடி கொம்பியூட்டர் பெட்டி போய்விட்டது என்கிறார்கள். கழற்றிய கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஆள் இருக்கிறாராம், ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாவுக்கு எடுத்துத் தருவார்களாம். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன், கோளாறு பெரும்பாலும் இடது பக்கத்து வயரிலோ பிளக்கிலோதான் இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் கீழே உள்ளதை வாசியுங்கள்.

பழைய கார்களில் சுவிட்சில் இருந்து மோட்டாருக்குத் தடித்த வயர் நேரே போகும். உங்கள் கார் போன்றவற்றில் நீங்கள் சுவிட்சை அழுத்தும்போது மோட்டாருக்குக் கரண்ட் போவதில்லை, ஒரு தகவல்தான் போகிறது. "இடது பின் கதவு, ஷட்டரை இறக்கு" என்ற அந்தத் தகவல் ஒரே ஒரு மெல்லிய வயரில் எல்லாக் கதவுக்கும் ஓடும். அந்த வழிக்கு லின் என்று பெயர். ஒவ்வொரு ஷட்டர் மோட்டாரோடும் ஒரு சின்ன மின்பலகை ஒட்டியிருக்கிறது. தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அது வேலை செய்யும். காரின் பெரிய பாகங்கள் தமக்குள் பேசுவது கேன் என்ற இரட்டை வயரில், 1986இல் பொஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய முறை அது. ஷட்டர், பக்கக் கண்ணாடி போன்ற சின்ன வேலைகளுக்கு விலை குறைந்த லின் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். அந்தக் கதவின் சொந்தச் சுவிட்சுக்கு ஷட்டர் வேலை செய்கிறது. அப்படியென்றால் மோட்டார் நல்லது, அதற்கு வரும் கரண்ட் நல்லது, எர்த்தும் நல்லது. சாரதிக் கதவில் உள்ள உங்கள் மாஸ்டர் சுவிட்சுக்கு வலது பின் கதவின் ஷட்டர் அசைகிறது, எனவே மாஸ்டர் சுவிட்சும் பேசுகிறது. மிஞ்சுவது இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை. மழையில் இடது முன் கதவும் சேர்ந்து படுத்துவிடுகிறது என்றீர்களே, அதுதான் பெரிய துப்பு. இடது பக்கத்து இரண்டு கதவுக்கும் போகும் வயர் எங்கோ ஒன்றாக ஓடுகிறது, அந்த இடத்தில் ஈரம் படுகிறது.

ஸ்கேனில் வந்த கோட், அதாவது கோளாறைக் குறிக்கும் எண், பற்றியும் சொல்ல வேண்டும். யூ என்ற எழுத்தில் தொடங்கும் கோட்கள் எல்லாம் தொடர்புக் கோட்கள். யூ 0199 என்றால் முதல் கதவுப் பெட்டியோடு தொடர்பு இழந்தது, யூ 0200 என்றால் இரண்டாவதோடு. டொயோட்டாக்களில் லின் வழியில் கோளாறு என்பதற்கு பி 2325 வரும். எந்த எண் வந்தாலும் அது ஒரு முறைப்பாடுதான். முறைப்பாட்டைக் கொடுத்தது யார்? பாடி கொம்பியூட்டர். "நான் கூப்பிட்டேன், அந்தக் கதவு பதில் தரவில்லை" என்று அது எழுதி வைத்திருக்கிறது. முறைப்பாடு கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுவது போல இருக்கிறது உங்கள் கராஜ் சொல்வது. கொம்பியூட்டர் உண்மையிலேயே போயிருந்தால் சென்ட்ரல் லொக், உள் விளக்கு, மற்றக் கதவுகள் எல்லாவற்றிலும் குழப்பம் தெரிந்திருக்கும். ஒரு பக்கக் கதவு மட்டும் மழைக்குப் படுத்து வெயிலுக்கு எழும்பாது.

பஞ்சிகாவத்தை பற்றி நான் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கதையோடு என்னிடம் வருகிறார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைகள் நிறைய உண்டு, நானே அங்கேதான் பாகம் வாங்குகிறேன். பிரச்சினை கடைக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் ஆள். கராஜில் இருந்து ஒரு போன் போகும். அவர் ஒரு கழற்றிய பெட்டியைக் கொண்டுவருவார். விலையில் அவருக்கு ஒரு பங்கு, கராஜுக்கு ஒரு பங்கு. பெட்டி எந்தக் காரில் இருந்து வந்தது, அந்தக் கார் எப்படி முட்டியது, தண்ணீரில் கிடந்ததா என்று யாருக்கும் தெரியாது. எலெக்ட்ரிக் சாமானுக்குத் திருப்பி எடுப்பது கிடையாது என்ற ஒரு வசனத்தோடு கணக்கு முடிந்துவிடும். பெட்டியை மாட்டியும் ஷட்டர் அசையாவிட்டால், "அப்ப மாஸ்டர் சுவிட்சும் போயிருக்கு" என்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஒரு பெரியவர் கடைப் பையில் இரண்டு மாஸ்டர் சுவிட்சுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டும் பணம் கொடுத்து வாங்கியவை, இரண்டுக்கும் ஷட்டர் அசையவில்லை. கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும், துருத்தி போல மடிப்பு மடிப்பாக. அதைத் தூணில் இருந்து கழற்றிப் பின்னுக்குத் தள்ளினேன். வயர்களின் மேல்தோல் முழுசாக இருந்தது, பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொன்றாக இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன். நாலாவது வயர் ரப்பர் பட்டி போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது, வெட்டுமுனையில் பச்சைக் களிம்பு. பத்து வருடம் திறந்து மூடிய கதவு அது. ஒரு முழம் வயரும் அரை நாள் கூலியும்தான் தேவைப்பட்டது. அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்து அந்தச் சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய ஓய்வூதியப் பணம் அது.

இதில் கராஜ்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025இல். அந்த ஐந்து வருடமும் நாம் எல்லோரும் இருந்த காரையே இழுத்துப் பிடித்து ஓடினோம். கார்களுக்கு வயது போனது, கழற்றிய பாகங்களின் விலை ஏறியது, ஸ்கேனர் ஒன்றை வாங்கிய யாரும் நிபுணராகிவிடலாம் என்று ஆனது. வயரிங் படம் வைத்திருக்கும் கராஜ் எத்தனை? ரீகண்டிஷன் காருக்கு அந்தப் படத்தைக் கேட்டால் முறையாகத் தருவதற்கு ஆள் இல்லை. ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனை செய்து வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். அந்தப் பரிசோதனை புகையை மட்டும்தான் பார்க்கும். கதவு உள்ளிருந்து திறக்கிறதா, ஷட்டர் பிள்ளையின் கையை நசுக்குமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்ய ஒருவருக்கும் அவசரம் இல்லை என்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. முதலில் இடது முன் இருக்கையின் காலடி விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சைக் கையால் அழுத்துங்கள். ஈரமா? நம் ஊரில் ஏசி நாள் முழுதும் ஓடுகிறது. அதன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் தண்ணீர் பெரும்பாலும் இடது காலடியில்தான் இறங்கும். அங்கேதான் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் கதவு வயர்களின் பிளக்குகளும் இருக்கும். மெரின் டிரைவ் பக்கம் வெளியில் நிறுத்துகிற கார் என்றால் கடற்காற்றின் உப்பும் சேரும், களிம்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்து, இக்னிஷனை ஓனில் வைத்து நீங்கள் மாஸ்டர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருங்கள். வீட்டில் ஒருவர் இடது பின் கதவை மெதுவாகத் திறந்து மூடட்டும், பிறகு அந்த ரப்பர் குழாயைப் பிடித்து அசைக்கட்டும். ஏதாவது ஒரு கோணத்தில் ஷட்டர் ஒரு நொடி துள்ளினால் இடம் கிடைத்துவிட்டது. துள்ளும் ஷட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அப்புறம், அண்மையில் அந்தக் கதவைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்தீர்களா? கதவு பேனலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். டிங்கர் பாஸ் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தால் மழைத்தண்ணீர் நேரே பிளக்குக்குள் போகும். அலாரம் பூட்டியவர்கள் கதவு வயரைச் சுரண்டித் தங்கள் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தாலும் இதே கதிதான்.

போனில் பார்க்கும் சின்ன புளூடூத் கருவியை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் இஞ்சினோடு மட்டும்தான் பேசும், கதவுப் பக்கம் போகாது. கராஜ் ஸ்கேனரில் கோட் வந்தால் அழிக்கும் முன் திரையைப் போனில் படம் பிடியுங்கள். பற்றறி இறங்கியிருந்தாலும், இன்னொரு காரில் இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்திருந்தாலும் தொடர்புக் கோட்கள் கூட்டமாக விழும். அழித்துவிட்டு இரண்டு நாள் ஓடிய பிறகு திரும்ப வருவதுதான் கணக்கு.

இவ்வளவிலும் பிடிபடாவிட்டால் ஒரு நல்ல வயரிங் பாஸிடம் போங்கள். பெட்டி விற்காத, கூலி மட்டும் வாங்கும் ஆளாக இருக்கட்டும். அவர் பல்ப் டெஸ்டரை எடுத்தால் தடுங்கள், இந்த மெல்லிய வயர்களில் பல்ப் இழுக்கும் கரண்ட் மின்பலகைக்கே கேடு செய்யும். டிஜிட்டல் மீட்டர் வேண்டும். லின் வயரில் பேச்சு இல்லாதபோது பற்றறியின் அளவு, ஏறத்தாழ 12 வோல்ட் நிற்கும். பேச்சு நடந்தால் மீட்டரின் எண் அதற்குக் கீழே இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மோட்டார் பலகையே அந்த வயரில் தன் பக்கத்தில் இருந்து சின்னதாக வோல்ட் கொடுக்கும். எனவே நடுவில் அறுந்த வயரிலும் மோட்டார் முனையில் 12 வோல்ட் அசையாமல் தெரியும். "12 வருது, வயர் நல்லது" என்று பெட்டிக்குப் போய்விடுவார்கள். காலடிப் பிளக்கில் எண் ஆடி, கதவு மோட்டாரில் ஆடாமல் நின்றால் வயர் அறுந்த இடம் இரண்டுக்கும் நடுவே. இந்த ஒரு வசனத்தை எழுதி பாஸிடம் கொடுங்கள், நல்லவராக இருந்தால் சந்தோஷப்படுவார்.

நான் சொன்னது எல்லாம் ஒரே ஒரு நிலையில் பொருந்தாது. அது வெள்ளத்தில் நின்ற கார். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளே மூழ்கின, கார்கள் என்ன ஆகும்? அப்படி நின்ற கார்களைக் காயவைத்து, இருக்கை உறை மாற்றி விற்றார்கள். நீங்கள் இந்தக் காரை முதல் ஆளாக வாங்கவில்லை என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியுமா? இருக்கையின் அடி போல்ட்டுகள் எல்லாம் ஒரே அளவு துருவா? விரிப்பின் அடியில் மெல்லிய மண் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் ஒரு வயரைச் சரிசெய்வதால் பயன் இல்லை. இன்று இடது பின் கதவு, அடுத்த மாசியில் சாரதிக் கதவு, அதற்கடுத்து ஏர்பேக் விளக்கு என்று போகும். களிம்பு வயருக்குள்ளேயே ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும். அந்தக் காருக்குக் காலடியிலும் கதவடியிலும் உள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து துப்புரவாக்கி, தேவையான துண்டு வயரிங்கையே மாற்ற வேண்டும். அதற்கு மதிப்பீடு கேட்டு, காரின் விலையோடு வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். அங்கேயும் பாடி கொம்பியூட்டரை முதலில் மாற்றினால், புதிய பெட்டிக்குள்ளும் அதே களிம்பு பிளக் போய் உட்காரும்.

உங்கள் கார் அப்படி இல்லை என்றே நினைக்கிறேன். வயர் அறுந்தது உறுதியானால் ரப்பர் மடிப்புக்குள் முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், அங்கே ஈயம் வைத்து ஒட்டவும் விடாதீர்கள். ஈயம் வைத்த இடம் விறைக்கும், கதவு மடியும்போது பக்கத்திலேயே மறுபடி ஒடியும். மடிப்புக்கு வெளியே இரு பக்கமும் வெட்டி, நடுவில் வளையக்கூடிய புதிய வயரை ஒரே துண்டாக விட்டு, கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும்.

வேலை முடிந்து பற்றறியை மாட்டியதும் ஷட்டர்கள் தங்கள் அளவை மறந்திருக்கக்கூடும். ஓட்டோ வேலை செய்யாது, இடையில் கை வந்தால் நின்று இறங்கும் பாதுகாப்பும் இருக்காது. பெரும்பாலான ஜப்பான் கார்களில் ஷட்டரை முழுதாக இறக்கி, பிறகு சுவிட்சை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, முழுதாக மூடிய பின்னும் சில நொடிகள் விடாமல் பிடித்திருந்தால் அளவு திரும்பும். நான்கு கதவுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், அது முடியும் வரை பிள்ளைகளைப் பின் இருக்கையில் ஏற்ற வேண்டாம்.