32-ல் 31 – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வங்கிப் பணியில் மாற்றலாகி நான்கு ஆண்டுகளாக சிக்கிமில் இருக்கிறேன். 2024 சட்டமன்றத் தேர்தலை அருகிலிருந்து பார்த்தேன். ஆளும் சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சாவுக்கு 32-ல் 31 இடம். எதிர்க்கட்சியில் ஜெயித்த ஒரே ஒருவரும் மறுமாதமே அந்தப் பக்கம் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கார அம்மா 2019-க்கு முன்பு மொட்டை மாடியில் வேறு கொடி கட்டியிருந்தாராம், இப்போது ஆளும் கட்சிக் கொடி. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன், சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த மக்களுக்கு அரசியல் உணர்வே கிடையாதோ என்று தோன்றுகிறது. ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரத் தேர்தல் முறை வந்தால் இந்த நிலை மாறுமா? கடிதத்தை வெளியிட்டால் பெயரைத் தவிர்க்கவும்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரைத் தவிர்த்துவிட்டேன். நீங்கள் வெளியூர்க்காரர், மாதச் சம்பளக்காரர், மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவர். உங்களுக்கே பெயரை வெளியிடத் தயக்கம். அங்கேயே பிறந்து, அங்கேயே வீட்டை வாடகைக்கு விட்டு, பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி கொடியை மாற்றிக் கட்டினால் மட்டும் அவருக்கு அரசியல் உணர்வு இல்லை. நல்ல நியாயம்!

சிக்கிம் மக்களைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கொஞ்சம் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். 1974-ல், இந்தியாவோடு இணைவதற்கு முந்தைய ஆண்டு, காஸி லெண்டுப் தோர்ஜியின் கட்சி 32-ல் 31 இடங்களை வென்றது. 1979-ல் அவர் தரப்புக்கு ஓர் இடம்கூட இல்லை. 1989-ல் முதல்வர் நர் பகதூர் பண்டாரி முப்பத்திரண்டையும் அள்ளினார். ஐந்தே ஆண்டுகளில், சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே அவரைக் கவிழ்த்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் வென்று முதல்வரான பவன் குமார் சாம்லிங் 2009-ல் முப்பத்திரண்டையும் அள்ளினார். 2019-ல் அவர் கட்சிக்கு 47.6 சதவீத ஓட்டு, எதிரணிக்கு 47. ஆனாலும் 15-க்கு 17 என்று ஆட்சி போனது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் முதல்வராக இருந்தவர், 2024-ல் நின்ற இரண்டு தொகுதிகளிலும் தோற்றார். அரசியல் உணர்வு இல்லாத ஜனங்கள் செய்கிற வேலையா இது?

சாம்லிங் ஒரு காலத்தில் பண்டாரியின் அமைச்சர். இன்றைய முதல்வர் பிரேம் சிங் தமாங், அங்கே எல்லோரும் கோலே என்றுதான் சொல்வார்கள், சாம்லிங்கின் அமைச்சர். அந்த மாநிலத்தில் எதிர்க்கட்சி என்பது ஆளும் கட்சியின் வயிற்றிலிருந்துதான் பிறக்கிறது. தேசியக் கட்சிகளின் கதை தனி வேடிக்கை. 2019-ல் சட்டமன்றத்தில் ஓர் இடமும் வெல்லாத பாஜக, சில மாதங்களில், கட்சி தாவி வந்த பத்து எம்.எல்.ஏ.க்களோடு எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி எழுதினால் இன்றைக்கு முடியாது.

விகிதாசாரம்? 2024-ல் வென்றவர்களுக்கு 58 சதவீதம், சாம்லிங் கட்சிக்கு 27. கணக்குப் போட்டால் 19-க்கு 9 என்று வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஒன்பது பேரும் ஒரு மாதத்தில் கட்சி மாறமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இடங்களைப் பங்கு போடும் விதத்தில் இல்லை கோளாறு. ஓட்டை எண்ணும் விதத்தில் இருக்கிறது. இதை நான் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை. நீங்கள் கடிதம் எழுதி மாட்டிக்கொண்டீர்கள்.

என் சித்தப்பா பள்ளி ஆசிரியர். வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணிக்கைப் பணிக்குப் போய்விட்டு மறுநாள் மதியம்தான் வீடு திரும்புவார், கண்ணெல்லாம் சிவந்து, வேட்டியெல்லாம் பசை. திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். பெட்டியைத் திறந்ததும் முதலில் சீட்டுகளின் எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்ப்பார்களாம். பிறகு கட்டுக்கட்டாகக் கட்டி, எல்லா ஊர்க் கட்டுகளையும் பெரிய டிரம்மில் கொட்டிப் புரட்டி, அதற்கப்புறம்தான் மேசைக்கு மேசை பிரித்துக் கொடுப்பார்களாம். எங்கள் தெருக்காரர்கள் போட்ட சீட்டு எந்த மேசையில் விழுந்தது என்று ஆண்டவனுக்கே தெரியாது. கட்சி ஏஜென்டுகள் எட்டி எட்டிப் பார்த்து, "சார், இது எந்த ஊர்ப் பெட்டி சார்?" என்று கெஞ்சுவார்களாம். "ஜனங்க பெட்டிய்யா" என்று சொல்வேன் என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. இப்படிச் சீட்டுகளைக் கலப்பதற்குத் தேர்தல் நடத்தை விதிகளிலேயே இடமிருந்தது.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்தது. செல்லாத ஓட்டு ஒழிந்தது, இரவெல்லாம் எண்ணுகிற அவதி ஒழிந்தது, டிரம்மும் ஒழிந்தது. இயந்திரம் சாவடிக்குச் சாவடி தனித்தனியாக முடிவைச் சொல்லும். அந்த எண்களெல்லாம் படிவம் 20 என்று அட்டவணையாகி, தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது.

அடுத்து வந்த ஒரு தேர்தலின்போது ஊரில் இருந்தேன். டீக்கடை பெஞ்சில் கிளைச் செயலாளர் ஒருவர் நாற்பது பக்க நோட்டை விரித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் சாவடி எண், எதிரே சிவப்பு மசியில் "நமக்கு", நீல மசியில் "அவனுக்கு". என் அத்தை விதவை உதவித்தொகை மனுவோடு வந்து நின்றார். செயலாளர் மனுவைப் பார்க்கவில்லை. எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, எங்கள் தெருச் சாவடியில் விரலை வைத்து, "உங்க தெரு மொத்தமும் அங்கதானே குத்தியிருக்கு, அங்கேயே போய்க் கேளுங்கம்மா" என்றார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல். அத்தை யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தெரு தெரிந்தால் போதும்.

அந்த நோட்டை சிக்கிமுக்குக் கொண்டுபோங்கள். மாநிலம் முழுக்க வாக்காளர்கள் சுமார் நாலரை லட்சம். ஒரு தொகுதிக்குச் சராசரியாகப் பதினைந்தாயிரம் பேர்கூடக் கிடையாது. மலைக் கிராமச் சாவடிகள் பலவற்றில் சில நூறு ஓட்டுதான். வேட்பாளருக்கு வீட்டுக்கு வீடு சொந்தக்காரன் உண்டு. பெரிய முதலாளி அரசாங்கம்தான்: வேலை, ஒப்பந்தம், வெள்ள நிவாரணம், சாலை. 2023 அக்டோபரில் தெற்கு லொனாக் பனியேரி உடைந்து, சுங்தாங் அணையையே தீஸ்தா ஆறு அடித்துக்கொண்டு போனது. அதற்கு ஆறே மாதத்தில், 2024 ஏப்ரல் 19-ல், வாக்குப்பதிவு. வீடிழந்தவன் நிவாரணப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சாவடி வரிசையில் நின்றிருப்பான். அவனிடம் போய் ரகசிய வாக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது, நான்கு ஆண்டு இருந்தும் உங்கள் கண்ணில் படாதது. சிக்கிமில் சங்கா என்று ஒரு தொகுதி உண்டு. அதற்கு நில எல்லையே கிடையாது. மாநிலத்து மடாலயங்களின் பௌத்தத் துறவிகளும் துறவினிகளும் மட்டுமே வாக்காளர்கள், சில ஆயிரம் பேர். அவர்களுக்குத் தனி இயந்திரம். அத்தொகுதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் தீர்ப்புச் சொன்னது, அதில் எனக்கு வழக்கு ஏதுமில்லை. ஆனால் ஒரு சாவடியில் ஒரே மடாலயத்துத் துறவிகள் மட்டும் வாக்களித்தால், அந்த இயந்திரத்தின் முடிவு மடாலயத்தின் முடிவு அல்லவா?

இதற்கு மருந்தும் இருக்கிறது. டோட்டலைசர் என்று ஒரு கருவி. பதினான்கு இயந்திரங்களை ஒன்றாக இணைத்து, கூட்டுத்தொகையை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. சாவடிவாரி முடிவு தெரிந்தால்தான், ஓட்டுக் குறைந்த இடத்தில் கட்சிகள் கூடுதலாக உழைக்க முடியுமாம்! 2019 பிரசாரத்தில் உத்தரப் பிரதேசத்தில் மேனகா காந்தி அந்த உழைப்பு எப்படியிருக்கும் என்று விளக்கினார். எண்பது சதவீதம் போட்ட ஊர் ஏ, அறுபது பி, ஐம்பது சி, அதற்கும் கீழே டி, ஏ ஊருக்குத்தான் முதலில் வேலை நடக்கும் என்றார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. அவர் வாய்விட்டுச் சொன்னார், மற்றவர்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

சாவடிவாரிக் கணக்கை மறைத்தால் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்று உடனே பதில் எழுதுவீர்கள். எழுதாதீர்கள். ஒவ்வொரு சாவடியிலும் பதிவான மொத்த ஓட்டு படிவம் 17சி-யில் ஏஜென்டுகள் கையில் இருக்கிறது. மற்ற கணக்கை ஆணையம் பூட்டி வைத்திருந்து, வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் திறக்கட்டும். தெருவின் ரகசியத்தைத் தெருவுக்குத் திருப்பிக் கொடுப்பதில் யாருக்கு நஷ்டம்?

உங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் அந்தக் கேள்வியை இனிமேல் கேட்காதீர்கள். உங்களுக்கு அது அரட்டை. வங்கியில் கடன் மனு பார்க்கிற ஒருவர் வாடகைக்கு இருந்துகொண்டு கேட்டால், கேட்பவர் யாருடைய ஆள் என்றுதான் அவருக்குத் தோன்றும். கொடி சாலைக்குத் தெரிகிற பக்கம் பறக்கிறது, அதன் வேலை அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் நல்லவர். நாலு வருஷம் ஒரு மலை மாநிலத்தில் இருந்து, அங்குள்ள மனிதர்களைப் பற்றிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுத உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம்மவர்கள் பலர் குளிரையும் மோமோவையும் தாண்டி எழுதுவதில்லை. அதனால் ஒரு வேலை தருகிறேன். உங்கள் தொகுதியின் 2019, 2024 படிவம் 20 இரண்டையும் எடுத்து, உங்கள் தெருச் சாவடியின் வரிசையை அருகருகே வைத்துப் பாருங்கள். எதிர்க்கட்சிக்கு எத்தனை விழுந்தது, அந்த எண்ணை வைத்து எத்தனை வீடுகளை ஊகிக்க முடிகிறது என்று எழுதுங்கள். விகிதாசாரத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.