கார் எஞ்சினில் ஆயில் ஒழுகுகிறது: கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது, பின்பக்க கிராங்க் சீல் (எஞ்சினுள் சுழலும் கிராங்க் தண்டு பின்பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எஞ்சினைக் கழுவிப் பார்க்காமல் சொல்லியிருந்தால் தயவுசெய்து இப்போதே சம்மதிக்காதீர்கள். அந்த சீலின் விலை சொற்பம். கியர்பாக்ஸை இறக்கி அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிய செலவு.

என் காரிலும் இதே இடத்தில்தான் சொட்டியது. உண்மையில் கசிந்தது, எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பின்மூலை. அங்கிருந்து எஞ்சினின் பின்சுவரோடு வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து துளியாகத் திரண்டது. அடியில் படுத்துப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் கிராங்க் சீல் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஈரமான பகுதிகளில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அதைத்தான் தேட வேண்டும்.

எஞ்சின் ஆறியபின் ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பாலித்தீன் உறையால் மூடிவிட்டு, டிகிரீசர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாக உலரட்டும். பிறகு எஞ்சினைச் சற்று நேரம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மிக மெதுவான கசிவு என்றால் ஆயிலில் கலக்கும் சாயம் ஒன்று கிடைக்கிறது. புற ஊதா விளக்கின் ஒளியில் கசியும் இடம் பளிச்சென்று மிளிரும். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகவே போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

எளிதானவற்றை முதலில் பாருங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது உட்கார்ந்துவிடுவது உண்டு. பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் பிளக்கின் வாஷர் நசுங்கிப் போயிருக்கலாம். ஆயில் பிரஷர் சுவிட்சும் கசியும். சின்னப் பொருள் என்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அடுத்து டேப்பட் கவர், டைமிங் கவர். கிராங்க் சீல் கடைசி.

இதற்கிடையில் பெரும்பாலானோர் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பிசிவி வால்வு. எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்கு வந்துகொண்டே இருக்கும். அதை உள்ளிழுப்புப் பாதைக்குத் திருப்பி அனுப்புவது இந்த வால்வுதான். வால்வோ அதன் குழாயோ அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமாக இருக்கும் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். காரணத்தை விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றினால் புதிய சீலும் கசியும். ஐடிலில் ஆயில் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். வாயு வேகமாகச் சீறினாலோ, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருந்தாலோ, முதலில் இந்தப் பாதையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது சுத்தமாக இருந்தும் சீறல் நிற்காவிட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

டேப்பட் கவர்தான் என்று தெரிந்தால் வேலை சுலபம். கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வெப்பத்தில் காய்ந்து விறைத்திருக்கும். இரு பக்கப் பரப்பையும் கீறாமல் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பல எஞ்சின்களில் இதற்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பலம்கொண்ட மட்டும் முடுக்கினால் கவர் வளைந்து கசிவு அதிகமாகும். சீலண்ட் பசையைக் கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் தடவ வேண்டும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்து விழுந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில், அதை உறிஞ்சும் வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே இழப்பது இப்படித்தான்.

சரியாகும்வரை டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் விழுந்து புகை வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், தீப்பிடிக்கக்கூடும்.

கழுவிப் பார்த்தபின் மேலே எல்லாம் உலர்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து மட்டும் எஞ்சின் ஆயில் வருகிறதென்றால் மெக்கானிக் சொன்னது சரி. கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். மேனுவல் கியர் வண்டியானால் கிளட்ச் தட்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஆயில் ஊறிய தட்டைத் துடைத்து மாட்டினால் வழுக்கும்.